சிகாகோவின் நிலவறைகளும் போக்கிடம் தேடிய தண்ணீரும்

நம்மூர்க் கொத்தனார் 'பேஸ்மென்ட்' என்று சொன்னால், தரைக்கு மேலே இரண்டு மூன்று அடி சுவர் எழுப்பி, உள்ளே மண் கொட்டி, திம்சு போட்டு இறுக்கி, அதன் மேல் வீடு கட்டுகிற சமாச்சாரம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக உயர்த்துவது. அதே சொல் அமெரிக்காவில் தரைக்குக் கீழே ஏழெட்டு அடி ஆழத்தில் இருக்கும் அறையைக் குறிக்கிறது. 'சம்ப்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். சென்னையில் சம்ப் என்றால் மெட்ரோ தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ பிடித்து வைக்கும் நிலத்தடித் தொட்டி. ஒரு சொட்டும் வீணாகக் கூடாது! அங்கே சம்ப் என்பது நிலவறையின் மூலையில் தோண்டிய ஒரு குழி. அதில் சேரும் ஒவ்வொரு சொட்டையும் உடனுக்குடன் வெளியே தள்ளியாக வேண்டும்.

தண்ணீர் புகும் என்று தெரிந்தும் எதற்காகத் தரைக்குக் கீழே அறை கட்டுகிறார்கள்? குளிர்தான் காரணம். குளிர்காலத்தில் மண்ணில் இருக்கும் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகும்போது விரிகிறது. அஸ்திவாரம் மேலாக இருந்தால் வீட்டையே தூக்கிவிடும். சிகாகோவில் அஸ்திவாரம் குறைந்தது 42 அங்குல ஆழத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. எப்படியும் மூன்றரை அடி தோண்டியாகிவிட்டது, இன்னும் மூன்று நான்கு அடி தோண்டினால் ஒரு அறையே கிடைத்துவிடுமே என்று நினைத்தார்கள். முதலில் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் அங்கே இருந்தன. பிறகு நிலக்கரியும் வீட்டைச் சூடாக்கும் உலையும் வந்தன. அதற்குப் பிறகு துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி, கடைசியில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்.

நிலவறைச் சுவரைச் சுற்றித் தோண்டி மூடிய மண், சுற்றியுள்ள பழைய மண்ணைப் போல இறுகியிருக்காது. கூரையிலிருந்து விழும் நீர் அங்கேயே இறங்கித் தேங்கும். ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன் என்ற கணக்கில் அழுத்தும். இரண்டு மீட்டருக்கு இரண்டு டன். சுவரில் ஒரு மயிரிழை விரிசல் போதும். உட்புறமாக எத்தனை முறை சிமென்ட் பூசினாலும், பின்னால் நிற்கும் தண்ணீர் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வழி கண்டுபிடித்துவிடும். சுவரைத் தடிமனாக்குவதைவிட அந்தத் தண்ணீரைச் சுவரோரம் நிற்கவிடாமல் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

இதைப் புத்தகம் போட்டுச் சொன்னவர் ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச் (1813-1885). அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வழக்கறிஞர், நீதிபதி, விவசாயத்தில் பித்துக் கொண்டவர். பிற்காலத்தில் அமெரிக்க நிதித்துறையில் துணைச் செயலர் பதவி வரை போனார். 'ஃபிரெஞ்ச் டிரெயின்' என்ற வடிகால் முறையைக் கேள்விப்படும் எல்லோரும் அது பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்தது என்றே நினைப்பார்கள். அது இவருடைய குடும்பப் பெயர்! (வாஷிங்டனில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் லிங்கன் சிலையைப் படைத்த சிற்பி டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச் இவருடைய மகன்தான். அப்பா மண்ணுக்குள்ளே புதைத்ததும் மகன் மண்ணுக்கு மேலே நிறுத்தியதும் இரண்டுமே நிலைத்துவிட்டன.)

ஃபிரெஞ்சுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜான் ஜான்ஸ்டன் என்ற விவசாயி. நியூயார்க் மாநிலத்தில் ஜெனிவா என்ற ஊருக்கு அருகே சதுப்பான நிலம் ஒன்றை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். 1835இல் ஸ்காட்லாந்திலிருந்து சுட்ட மண் குழாய்களின் மாதிரியை வரவழைத்து, பக்கத்து ஊர்க் குயவரிடம் கொடுத்துக் கையாலேயே செய்யச் சொல்லி, தன் வயலுக்கு அடியில் புதைத்தார். மண்பாண்டத்தைப் புதைக்கிறானே இந்த மனுஷன் என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்ததாகச் சொல்வார்கள். கோதுமை விளைச்சல் பல மடங்கு பெருகியதும் கேலி நின்றது. 1851க்குள் 16 மைல் நீளத்துக்குக் குழாய் பதித்துவிட்டார்.

ஃபிரெஞ்ச் 1857இல் இங்கிலாந்து சென்று வடிகால் முறைகளைப் பார்த்துவிட்டு வந்தார். 1859இல் வெளியான அவருடைய 'ஃபார்ம் டிரெயினேஜ்' பெரும்பாலும் வயல் வடிகாலைப் பற்றியதுதான். ஆனால் அதில் நிலவறைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார். நியூ இங்கிலாந்துக்காரர்களின் வீடுகளில் நிலவறை எவ்வளவு முக்கியம், அது நனைந்தால் உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று விளக்கிவிட்டு, வெள்ளம் புகுந்த நிலவறை ஒன்றின் கோலத்தைக் கிண்டலாக வர்ணிக்கிறார். சிமென்ட் பூசுவது பலன் தராது, சுவரையொட்டிக் குழாய் பதித்து நீரை வெளியேற்றுவதே வழி என்கிறார். அவர் சொன்ன குழாய்களில் துளை கிடையாது. சிறு சிறு ஓடுகளை நெருக்கி வைத்து, நடுவில் இருக்கும் நூலிழை இடைவெளி வழியாகவே நீர் உள்ளே வரும். துளையிட்ட பிளாஸ்டிக் குழாய், அதைச் சுற்றிச் சல்லி, சல்லியைச் சுற்றித் துணி என்பதெல்லாம் பின்னால் வந்தவை.

ஆனால் ஃபிரெஞ்சின் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. குழாயின் மறுமுனை நிலவறையின் தரையைவிடத் தாழ்வாக எங்கேயாவது திறந்திருக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் மேடும் பள்ளமுமான ஊர். குழாயைச் சரிவில் கொண்டுபோய் ஓடையில் விட்டுவிடலாம். தட்டையான ஊரில் என்ன செய்வது?

அப்படிப்பட்ட ஊர்தான் சிகாகோ. மிச்சிகன் ஏரிக்கரையில், ஏரி மட்டத்துக்குச் சில அடிகளே உயரத்தில், நீர் இறங்காத களிமண் மேல் உட்கார்ந்திருந்தது. 1850களின் சிகாகோ தெருக்கள் சேற்றுக்குப் பேர் போனவை. கழிவுநீர் போக வழியில்லை. 1854இல் காலரா ஊரைச் சூறையாடியது. மறு ஆண்டு கழிவுநீர் ஆணையம் ஒன்று அமைத்து, பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்ப்ரோ என்ற பொறியாளரைக் கூட்டிவந்தார்கள். அவர் சொன்ன திட்டத்தைக் கேட்டவர்கள் முதலில் வாயைப் பிளந்திருக்க வேண்டும். பூமிக்குள் சாக்கடை தோண்டினால் ஆற்றுக்குச் சரிவு கிடைக்காது. ஆகவே சாக்கடைக் குழாய்களைத் தெருவின் மேலேயே போடுவது. பிறகு மண்ணைக் கொட்டித் தெருவையே உயர்த்துவது! ஊரைத் தோண்ட முடியாது, ஊரைத் தூக்கு என்பதே அதன் சாராம்சம்.

தூக்கினார்கள். 1858 ஜனவரியில் ராண்டால்ஃப் தெருவும் டியர்பார்ன் தெருவும் சேரும் முனையில் இருந்த நான்கு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றை, 200 திருகு ஜாக்கிகளை அடியில் கொடுத்து ஆறு அடிக்கும் மேலே உயர்த்தினார்கள். ஒரு விரிசலும் விழவில்லை என்றார்கள். 1860இல் லேக் தெருவில் 320 அடி நீளத்துக்கு இருந்த கடை வரிசை முழுவதையும் 600 ஆட்கள், 6,000 ஜாக்கிகள் வைத்து ஐந்தே நாளில் நாலே முக்கால் அடி தூக்கினார்கள். உள்ளே வியாபாரம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. 1861இல் டிரெமான்ட் ஹவுஸ் என்ற பெரிய ஓட்டலைத் தூக்கியபோது விருந்தினர்கள் அறையைக் காலி செய்யக்கூட இல்லை. தூக்கிய ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் ஜார்ஜ் புல்மன். ரயிலில் படுக்கைப் பெட்டி என்றால் நினைவுக்கு வருவாரே, அவரேதான்.

எல்லோரும் சொல்கிற கதை இதோடு முடிந்துவிடும். நிலவறையின் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஓட்டல் முதலாளியிடமும் கடைக்காரரிடமும் பணம் இருந்தது, தூக்கினார்கள். தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதிகளில் எத்தனை பேரால் ஜாக்கிக்குக் கூலி கொடுக்க முடியும்? தெரு உயர்ந்தது, வீடு அப்படியே நின்றது. நேற்று வரை தரைத்தளமாக இருந்தது, இன்று தெருவுக்குக் கீழே போய்விட்டது. மாடியில் ஒரு வாசல் வைத்து, தெருவிலிருந்து படியோ சிறு பாலமோ போட்டுக்கொண்டார்கள். பில்சன், பிரிட்ஜ்போர்ட் போன்ற பேட்டைகளில் நடைபாதைக்குக் கீழே நாலைந்து அடி பள்ளத்தில் முற்றம் இருக்கும் வீடுகளை இன்றும் பார்க்கலாம். அதாவது சிகாகோவின் நிலவறைகளில் ஒரு பகுதி யாரும் தோண்டாமலே உண்டானவை. தெருவைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றியதில் அந்த வீடுகள் பள்ளத்தில் சிக்கிக்கொண்டன.

செஸ்ப்ரோவின் திட்டத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. வீட்டுக் கழிவுக்கும் மழைநீருக்கும் ஒரே குழாய். அந்தக் காலத்தில் அது குறையே அல்ல. மழை வந்தால் சாக்கடையைக் கழுவிவிட்டுப் போகும், சிக்கனமும்கூட. ஆனால் ஊர் வளர வளர மண்தரை போய்க் கூரையும் கல்பாவிய தெருவுமாக ஆனது. நூறு சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர். ஒரு தெருவில் ஐம்பது கூரை என்று வைத்துக்கொண்டால் கணக்கு எங்கேயோ போகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே குழாயில் இறங்கினால் குழாய் நிரம்பி, தண்ணீர் வந்த வழியே திரும்பும். தெருக்குழாயோடு இணைந்திருக்கும் வாய்களில் மிகத் தாழ்வானது எது? நிலவறையின் தரையில் இருக்கும் வடிகால் துளை. ஆக, வெளியிலிருந்து சுவர் வழியாக வரும் மழைநீரைத் தடுத்தாலும், ஊராரின் கழிவுநீர் வீட்டின் நடுத்தரையிலிருந்தே ஊற்றாகப் பொங்கும். நல்ல தண்ணீராக இருந்தாலாவது பரவாயில்லை!

இதற்குள் நகரம் தன் அழுக்கை வேறு எங்கோ தள்ளும் வேலையைப் பெரிய அளவிலேயே செய்து முடித்திருந்தது. சாக்கடை ஆற்றில் கலந்தது, ஆறு ஏரியில் கலந்தது, குடிநீரும் அதே ஏரியிலிருந்து வந்தது. ஆகவே 28 மைல் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பி, மிசிசிப்பிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். கீழே இருந்த மிசௌரி மாநிலம் சும்மா இருக்குமா? உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 1906இல் வழக்கு தள்ளுபடியானது. தண்ணீரைத் தள்ளுவது பற்றிய அமெரிக்கச் சட்டமே சுவாரசியமானது. சில மாநிலங்களில் மேற்பரப்பில் ஓடும் மழைநீர் 'பொது எதிரி'. அவரவர் நிலத்திலிருந்து அதை விரட்டிக்கொள்ள வேண்டியதுதான், பக்கத்து நிலத்துக்காரர் பாடு அவருக்கு. இல்லினாய் மாநிலம் 1869இல் ஒரு ரயில்வே வழக்கில் இதை ஏற்கவில்லை. தண்ணீர் இயற்கையாக எங்கே ஓடுமோ அங்கே ஓட வேண்டும், கீழே இருப்பவர் அதைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தட்டையான ஊரில், குழாயும் சாலையும் வந்த பிறகு, இயற்கையாக ஓடும் வழி எது என்று யார் சொல்வது?

வீட்டுக்காரர்கள் சட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. முதலில் கண்டுபிடித்தது எளிய உபாயம். மழை வரும்போது தரைத் துளையில் மூன்றடிக் குழாய் ஒன்றைத் திருகிச் செங்குத்தாக நிறுத்திவிடுவது. பொங்கும் நீர் தரையில் பரவாமல் குழாய்க்குள்ளேயே ஏறி நிற்கும். சில ரூபாய்ச் செலவில் முடிகிற காரியம் போலத் தோன்றும். ஆனால் நீர் மூன்றடி ஏறினால் மூன்றடிக்கான அழுத்தம் தரைக்குக் கீழே புதைந்த பழைய மண் குழாய்களின் மீது விழும். குழாய் உடைந்தால் தரையே பெயர்ந்துவிடும். அடுத்தது மடக்குக் கதவு வால்வு. வெளியே போகும் நீருக்குத் திறக்கும், திரும்பி வரும் நீருக்கு மூடிக்கொள்ளும். நல்லதுதான், ஆனால் மூடியிருக்கும் நேரத்தில் உள்ளேயிருந்தும் எதுவும் போகாது. அந்த நேரம் பார்த்து மாடியில் யாராவது குளித்தால் அந்தத் தண்ணீர் நிலவறையில் வந்து நிற்கும். தன் வீட்டுத் தண்ணீராலேயே வெள்ளம்! மூன்றாவது வழி செலவு மிக்கது. வீட்டின் கழிவுக் குழாய் தரைக்கு அடியில் போகாமல் நிலவறையின் கூரையையொட்டி உயரத்திலேயே வெளியேறும்படி முழுவதையும் மாற்றிக் கட்டுவது. நிலவறையில் சேரும் கழிவை மட்டும் ஒரு குழியில் விட்டுப் பம்ப் வைத்து மேலே ஏற்ற வேண்டும். தெருக்குழாய் எவ்வளவு நிரம்பினாலும் நீர் அந்த உயரம் வரை ஏறி வருவது அரிது.

சுவரோரத்தில் கசியும் மழைநீருக்குத்தான் சம்ப் குழி. அஸ்திவாரத்தைச் சுற்றி ஃபிரெஞ்ச் சொன்ன மாதிரி குழாய், அது குழியில் வந்து சேரும், குழியில் ஒரு பம்ப். மின்சாரம் பரவுவதற்கு முன்னால் கைப்பம்ப் இருந்தது. நகரக் குடிநீர்க் குழாயின் அழுத்தத்தைக் கொண்டே நிலவறை நீரை உறிஞ்சி வெளியேற்றும் தானியங்கிக் கருவிகளும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தன. பிறகு மின்மோட்டார். முதலில் மோட்டார் ஒரு தண்டின் உச்சியில், தண்ணீர் படாத உயரத்தில் உட்கார்ந்திருக்கும். பின்னாளில் மோட்டாரையே நீரில் முழுக வைக்கும் வகை வந்தது, சத்தமும் குறைந்தது. வேலை செய்யும் விதம் நம்மூர்த் தொட்டிகளில் இருக்கும் மிதவை மாதிரிதான், ஆனால் தலைகீழ். நீர் ஏறினால் மிதவை ஏறும், மோட்டார் ஓடும், இறங்கினால் நிற்கும். மூன்றில் ஒரு குதிரைத்திறன் கொண்ட சாதாரண மோட்டார் பத்தடி உயரத்துக்கு மணிக்கு ஏழெட்டாயிரம் லிட்டர் தூக்கும். மேலே போன தண்ணீர் மறுபடி குழிக்குள் விழாமலிருக்கக் குழாயில் ஒரு வால்வு.

இதன் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததே. பெருமழையும் மின்வெட்டும் ஜோடியாகத்தான் வரும். பம்ப் மிகவும் தேவைப்படும் மணிநேரத்தில் கரண்ட் இருக்காது. அதற்காக பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்ப் வைக்கிறார்கள். குடிநீர் அழுத்தத்தில் ஓடும் அந்தப் பழைய கருவியும் புது வடிவத்தில் திரும்பி வந்திருக்கிறது. இதைவிடப் பெரிய கேள்வி, பம்ப் தள்ளும் தண்ணீர் எங்கே போகிறது என்பது. வீட்டுக்கு வெளியே இரண்டடி தள்ளி விட்டால் அதே தண்ணீர் சுவரோரமாக இறங்கி மறுபடி குழிக்கு வரும். வேலியோரம் விட்டால் பக்கத்து வீட்டு நிலவறைக்குப் போகும். சாக்கடையில் இணைத்துவிட்டால், ஏற்கெனவே நிரம்பிய குழாயில் இன்னும் கொஞ்சம் சேர்ந்து, தெருக்கோடியில் வால்வு வாங்க வசதியில்லாத யார் வீட்டிலோ பொங்கும். நல்ல பம்ப் வைத்த வீடு கெட்ட பம்ப் வைத்த வீட்டுக்குத் தண்ணீரை அனுப்புகிறது என்றுதான் சொல்ல வேண்டும். கூரைக் குழாய்களைச் சாக்கடையிலிருந்து துண்டித்துத் தோட்டத்தில் விடும்படி நகராட்சிகள் கேட்பது இதனால்தான்.

1954 அக்டோபரிலும் 1957 ஜூலையிலும் பெய்த பெருமழைகள், வீட்டுக்கு வீடு பம்ப் வைத்து இதைத் தீர்க்க முடியாது என்று காட்டின. நகரத்தின் சாக்கடைகளைப் பிரித்து மழைநீருக்குத் தனிக் குழாய் போடலாம் என்றால், எல்லாத் தெருக்களையும் கிளற வேண்டும். 1972இல் வேறொரு திட்டத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். தரைக்குக் கீழே 150 முதல் 300 அடி ஆழத்தில், பாறையைக் குடைந்து, சில இடங்களில் 33 அடி விட்டத்துக்குச் சுரங்கம். மழை நேரத்தில் சாக்கடையில் மிஞ்சுவது எல்லாம் அதில் விழும். மழை விட்டபின் பம்ப் வைத்து மேலே ஏற்றிச் சுத்திகரிப்பார்கள். 1975இல் தோண்டத் தொடங்கி 2006இல் முடித்தார்கள். மொத்தம் 109 மைல்! யோசித்துப் பார்த்தால் இதுவும் அதே சம்ப் குழிதான். நிலவறை மூலையில் இருப்பது ஊர் அளவுக்கு வளர்ந்திருக்கிறது, அவ்வளவே. சுரங்கங்கள் கொள்வது சுமார் 870 கோடி லிட்டர். அது போதாது என்று தெரிந்தே கடைசியில் நீர்த்தேக்கங்களையும் சேர்த்திருந்தார்கள். பழைய கல்குவாரியான தார்ன்டன் 2015இல் தயாரானது, சுமார் 3,000 கோடி லிட்டர் பிடிக்கும். மெக்குக் தேக்கத்தின் முதல் பகுதி 2017இல் வந்தது. இரண்டாவது பகுதிக்கு 2029 என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

இடையில் ஒரு சொட்டு மழை பெய்யாமலே சிகாகோவின் நிலவறைகள் மூழ்கிய சம்பவமும் நடந்தது. நகரின் மையப் பகுதிக்கு அடியில், சுமார் 40 அடி ஆழத்தில், 60 மைல் நீளத்துக்குக் குட்டி ரயில் சுரங்கங்கள் இருந்தன. நிலக்கரி, சாம்பல், சரக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பெரிய கட்டடத்தின் நிலவறைக்கும் போய்வந்த ரயில். 1959இல் மூடிவிட்டார்கள். கட்டடங்களோடு இருந்த இணைப்புகள் பலவும் அப்படியே இருந்தன. 1991 செப்டம்பரில் கின்சி தெருப் பாலத்தருகே ஆற்றில் புதிய தூண்களை அடித்தபோது சுரங்கச் சுவர் சேதமானது. 1992 ஜனவரியில் உள்ளே போனவர்கள் சேறு ஒழுகுவதைப் பார்த்து வீடியோவும் எடுத்தார்கள். சரிசெய்யச் சுமார் 10,000 டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டு, டெண்டர் பேச்சில் காலம் போனது. ஏப்ரல் 13ஆம் தேதி காலையில் ஆறு உள்ளே இறங்கியது. சுமார் 95 கோடி லிட்டர்! தெருக்கள் காய்ந்து கிடந்தன, அடியில் கடைகளும் மின்சாதன அறைகளும் மூழ்கின. லட்சக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். நஷ்டத்தை நூறு கோடி டாலர் அளவில் மதிப்பிட்டார்கள். பத்தாயிரம் டாலர் வேலையைத் தள்ளிப்போட்டதன் பலன்!

அந்த நீரையும் அவசரப்பட்டு இறைக்கவில்லை, பல நாள் எடுத்துக்கொண்டார்கள். வீட்டு நிலவறைக்கும் இது பொருந்தும். வெள்ளம் புகுந்தால் உடனே பெரிய பம்ப் வைத்து ஒரே மூச்சில் காலி செய்யத்தான் எல்லோருக்கும் தோன்றும். அது ஆபத்து. வெளியே மண் இன்னும் நனைந்திருக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் சுவரை எதிர்ப்பக்கமாகத் தாங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் சுவர் உள்பக்கம் சரியும். நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் மெதுவாக இறைக்கச் சொல்கிறார்கள்.

சிகாகோவுக்கு வடக்கே இருக்கும் ஸ்கோக்கி என்ற சிற்றூர் 1980களில் தொடங்கிய முறை இத்தனைக்கும் நடுவில் தனியாகத் தெரிகிறது. அவர்கள் தெருவோர வடிகால்களின் வாயைச் சிறிதாக்கினார்கள்! சாக்கடைக்குள் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் இறங்கும். மிச்சம் தெருவிலேயே நிற்கும். தெருவில் ஆங்காங்கே தாழ்வான மேடுகள் அமைத்து, எவ்வளவு உயரத்துக்கு நிற்க வேண்டும் என்றும் திட்டமிட்டார்கள். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் ஒரு மணி நேரம் நின்றால் யாருக்கும் பெரிதாக நஷ்டமில்லை, அதே தண்ணீர் நிலவறையில் நின்றால் நஷ்டம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. சாக்கடைகளைப் பிரித்திருந்தால் ஆகியிருக்கும் செலவில் பாதிகூட ஆகவில்லை. பிற்பாடு சிகாகோவும் இந்த உத்தியைக் கைக்கொண்டது. இத்தனை திட்டங்களிலும், எல்லோரும் கொஞ்சம் அசௌகரியத்தைப் பங்கிட்டுக்கொள்வது என்று வெளிப்படையாகத் தீர்மானித்தது இது ஒன்றில்தான். செஸ்ப்ரோ தெருவைக் காப்பாற்றி வீட்டைப் பள்ளத்தில் விட்டார். நூற்று இருபது சொச்சம் வருடம் கழித்து வீட்டுக்காகத் தெருவை நனையவிட்டார்கள்.

அப்படியும் தீரவில்லை. சிகாகோவில் இயங்கும் 'சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜி' என்ற அமைப்பு 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2007 முதல் 2011 வரை, சிகாகோ அடங்கிய குக் கவுன்டியில் 1,81,000 வெள்ளச் சேதக் கோரிக்கைகள், 77.3 கோடி டாலர். அரசாங்க வரைபடத்தில் வெள்ளப் பகுதி என்று குறித்த இடங்களுக்கும் இந்தச் சேதத்துக்கும் ஏறக்குறைய எந்தத் தொடர்பும் இல்லை என்பதுதான் அதில் முக்கியம். ஆறு வீட்டுக்கு வரவில்லை, சாக்கடை வந்தது. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் சாக்கடை திரும்பி வரும் சேதம் சேராது, தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். கட்டாதவர்கள் யார் என்று ஊகிப்பது கடினமல்ல.

2023 ஜூலை 2ஆம் தேதி நகரின் மேற்குப் பகுதியிலும் அதை ஒட்டிய சிசரோ, பெர்வின் ஊர்களிலும் பெய்த மழை சில இடங்களில் 8 அங்குலத்தைத் தாண்டியது. ஆஸ்டின் போன்ற, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பேட்டைகளில் வீட்டுக்கு வீடு நிலவறையில் கழிவுநீர். இந்த நிலவறைகளில் பல இன்று வெறும் சாமான் அறைகள் அல்ல, வாடகைக் குடியிருப்புகள். அவற்றுக்குச் சிகாகோவில் 'கார்டன் அபார்ட்மென்ட்' என்று பெயர். தோட்டம் இருக்கிறதோ இல்லையோ, வாடகை குறைவாக இருக்கும். அன்று ஆற்றின் மட்டத்தை இறக்குவதற்காக ஏரிக்கரை மதகுகளைத் திறந்து, 1900இல் திருப்பிய ஆற்றை மறுபடி பழைய திசையிலேயே ஏரிக்குள் விட்டார்கள். ஆகஸ்டில் குக் கவுன்டியை மத்திய அரசு பேரிடர்ப் பகுதியாக அறிவித்தது.

பெருமழை நாட்களில் குளியலையும் துணி துவைப்பதையும் மழை நிற்கும் வரை கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்று நீர் நிர்வாகமும் ஆற்று ஆர்வலர்களும் மக்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு வீடு ஊற்றாமல் வைத்த வாளித் தண்ணீர், அன்றைக்குக் குழாயில் இன்னொரு வீட்டுக்கு இடம் விடுகிறது.